பங்க் பெட்ரோலில் வேகப் படகு: சென்னைக் கடலுக்கேற்ற ஸ்மால் பிளாக் வி-8 எஞ்சினைக் கட்டும் முறை

ஷெவ்ரோலே நிறுவனம் 1955-இல் 265 கன அங்குல அளவில் வெளியிட்ட ஸ்மால் பிளாக் வி-8 எஞ்சின், 1967-இல் 350 கன அங்குலமாக வளர்ந்து, அதன்பின் பல பத்தாண்டுகள் மெர்குரூசர், வோல்வோ பென்ட்டா ஆகிய படகு எஞ்சின்களுக்கு அடித்தளமாக விளங்கியது. சென்னையில் டிரெய்லர் மேல் நிற்கும் ஒரு பழைய இறக்குமதி உல்லாசப் படகின் எஞ்சின் மூடியைத் திறந்தால், அந்த 5.7 லிட்டர் எஞ்சின் உள்ளே இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அதே பிளாக்கில் 3.75 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) கொண்ட கிராங்கைப் பொருத்தி, சிலிண்டரை 4.030 அங்குல விட்டத்துக்குக் கடைந்து ரீபோர் செய்தால், 383 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.3 லிட்டர் கிடைக்கிறது. 20 அடி நீளமுள்ள இலகுவான படகில் 380 குதிரைத்திறன் அளவுக்கு அந்த எஞ்சினை எப்படிக் கட்டுவது, சாதாரணப் பங்க் பெட்ரோலில் அதை எப்படி உடையாமல் ஓட்டுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதில் வரிசை முக்கியம்: முதலில் பெட்ரோலை முடிவு செய்ய வேண்டும், பிஸ்டன், ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி), கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) ஆகியவை அதற்குப் பின்னரே வர வேண்டும்.

எந்தப் பெட்ரோலை நம்புவது

அமெரிக்க எஞ்சின் குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே பிஸ்டன் வாங்குபவர்கள் தடுமாறும் இடம் ஆக்டேன் எண், அதாவது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாகத் தீப்பற்றாமல் தாங்கும் திறனைக் காட்டும் எண். அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் எழுதியிருக்கும் எண், ரிசர்ச் ஆக்டேன், மோட்டார் ஆக்டேன் என்ற இரண்டு சோதனை முடிவுகளின் சராசரி. இந்தியாவில் நாம் சொல்வது ரிசர்ச் ஆக்டேனை மட்டும். ஆகவே அவர்களுடைய 87 நமக்கு ஏறத்தாழ 91. அவர்களுடைய 91 நமக்கு 95 அல்லது 96. அவர்களுடைய 93 நமக்கு 98-ஐ ஒட்டியது. "93 ஆக்டேனில் 10-க்கு 1 கம்ப்ரஷன் தாங்கும்" என்று ஓர் அமெரிக்கக் குறிப்பு சொன்னால் (கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது), அதை நம்முடைய 95 பெட்ரோலோடு ஒப்பிட்டு நிம்மதி அடையக் கூடாது.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு இந்தியத் தரம் குறைந்தபட்சம் 95 ரிசர்ச் ஆக்டேனைக் கேட்கிறது. முன்பு சாதாரணப் பெட்ரோலுக்கு இது 91 ஆக இருந்தது. எக்ஸ்பி 100 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோலும் நகரின் சில பங்குகளில் கிடைக்கிறது. விலை மிக அதிகம், எல்லா இடத்திலும் எப்போதும் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. 380 குதிரைத்திறனில் முழு த்ராட்டிலில் ஓடும்போது இந்த எஞ்சின் மணிக்கு 115 முதல் 125 லிட்டர் வரை குடிக்கும் என்பதையும் நினைவில் கொண்டால், விலை உயர்ந்த பெட்ரோலை அவசியமாக்கும் எஞ்சினைக் கட்டுவது அறிவுடைமை ஆகாது என்பதே என் கருத்து. 95-க்குக் கட்டுங்கள், 100 கிடைக்கும் நாளில் அதைக் கூடுதல் பாதுகாப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் எஞ்சினும் படகு எஞ்சினும் ஒரே பிளாக்காக இருந்தாலும் வேலை ஒன்றல்ல. அண்ணா சாலையில் செல்லும் கார் தன் முழுத் திறனைச் சில நொடிகளுக்கு மேல் கேட்பதில்லை. படகுக்குச் சரிவு கிடையாது, கியர் மாற்றி இளைப்பாறும் வழியும் கிடையாது. த்ராட்டிலை விட்ட கணமே தண்ணீர் பிடித்து நிறுத்துகிறது. ஏற்காடு மலைப்பாதையில் ஆக்ஸிலேட்டரை இறுதிவரை மிதித்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஏறும் காரை நினைத்துப் பாருங்கள், படகு எஞ்சினின் அன்றாட நிலை அதுதான். எனவே காரில் எப்போதாவது கேட்டு மறையும் நாக்கிங் (கலவை தானாகத் தீப்பற்றி சிலிண்டருக்குள் தட்டுவது), படகில் பிஸ்டன் விளிம்பை உடைக்கும் வரை நிற்காது. எக்ஸாஸ்ட் ஓசையில் அது காதிலும் விழாது. கோடையில் சென்னைக் கடல்நீரே ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் இருக்கும், மூடிய எஞ்சின் அறையின் காற்று அதைவிடச் சூடாகவே கார்புரேட்டருக்குள் போகும். காகிதத்தில் கணக்கிட்ட வரம்பிலிருந்து ஒரு படி இறங்கியே நிற்க வேண்டும்.

கம்ப்ரஷன் கணக்கு

வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு 9.0 முதல் 9.3 வரையிலும், அலுமினிய ஹெட்டுக்கு 9.5 முதல் 9.8 வரையிலும் கம்ப்ரஷன் விகிதத்தை நான் பரிந்துரைப்பேன். இதைப் பிஸ்டன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி முடிவு செய்யாமல், கையால் அளந்து கணக்கிட வேண்டும். 4.030 அங்குல போரும் 3.75 அங்குல ஸ்ட்ரோக்கும் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 784 சி.சி. தருகின்றன. ஷெவ்ரோலே 1996 முதல் தந்த வோர்டெக் என்ற இரும்பு ஹெட்டின் எரியறை 64 சி.சி. ஹெட் கேஸ்கெட்டின் அளவு சுமார் 9 சி.சி. பிஸ்டன் உச்சியில் 22 சி.சி. குழி இருந்து, பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் மேற்பரப்போடு சமமாக நின்றால், மொத்த எரிவெளி 95 சி.சி. ஆகிறது, 784-ஐயும் 95-ஐயும் கூட்டி 95-ஆல் வகுத்தால் 9.25 வருகிறது. அதே இடத்தில் வால்வு வெட்டு மட்டும் உள்ள தட்டைப் பிஸ்டனைப் போட்டால் எரிவெளி 78 சி.சி. ஆகச் சுருங்கி, விகிதம் 11-ஐத் தாண்டிவிடும். தட்டைப் பிஸ்டன் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கிறது என்று அதை வாங்கிய பிறகு வேறு எந்தச் சரிசெய்தலும் அந்த எஞ்சினைப் பங்க் பெட்ரோலுக்குக் கொண்டுவராது.

இங்கே ஒரு தந்திரம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. கம்ப்ரஷனைக் குறைப்பதற்காகத் தடித்த ஹெட் கேஸ்கெட்டைப் போடுவார்கள், அல்லது பிஸ்டனைப் பிளாக்குக்குள் 0.6 மி.மீ. தாழ்வாகவே விட்டுவிடுவார்கள். எண் குறையும், நாக்கிங் குறையாது. பிஸ்டனின் தட்டைப் பகுதியும் ஹெட்டின் தட்டைப் பகுதியும் மேலே நெருங்கும்போது, இடையில் உள்ள கலவை பிதுங்கி எரியறைக்குள் பாய்ந்து கலக்குகிறது. கடைசியில் எரிய வேண்டிய கலவை ஒதுங்கி நிற்க மூலை கிடைப்பதில்லை. இந்த இடைவெளி 1.0 மி.மீ. அளவில் இருக்கும்போது நன்றாக வேலை செய்கிறது, 1.6 மி.மீ. ஆகும்போது பயன் பெரும்பாலும் போய்விடுகிறது. ஆகவே பிளாக்கின் மேற்பரப்பை மெஷின் செய்து பிஸ்டனைச் சமமாகக் கொண்டுவந்து, 1 மி.மீ. கேஸ்கெட்டைப் போட்டு, தேவையான கூடுதல் இடத்தைப் பிஸ்டன் குழியில் வைக்க வேண்டும். அந்தக் குழியும் வட்டமாக முழு உச்சியையும் தின்பதாக இல்லாமல், எரியறைக்கு நேர் கீழே மட்டும் இருந்து, எதிர்ப்பக்கம் தட்டையாக விடப்பட்ட வடிவத்தில் இருக்க வேண்டும். 95 ஆக்டேனில் பிழைக்கும் எஞ்சினுக்கும் உடையும் எஞ்சினுக்கும் இடையே பல நேரங்களில் வேறுபாடு இந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

உப்பு நீரும் ஹெட் தேர்வும்

அலுமினிய ஹெட் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் கம்ப்ரஷனை அரைப் புள்ளி உயர்த்த இடம் தருகிறது, எடையையும் குறைக்கிறது. ஆனால் கடல்நீரை நேராக எஞ்சினுக்குள் செலுத்தும் படகில் அதைப் போட்டால் உப்பு அதைத் தின்றுவிடும். காசிமேட்டுக்கு வெளியே ஓட்டினாலும் முட்டுக்காடு உப்பங்கழியில் ஓட்டினாலும் விதி ஒன்றே: அலுமினியம் வேண்டுமென்றால், கூலன்ட் ஒரு சுற்றாகவும் கடல்நீர் வேறொரு சுற்றாகவும் ஓடும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் கட்டாயம். இரும்பு ஹெட்டானாலும் அந்த அமைப்பையே நான் விரும்புகிறேன். கடல்நீர் நேராக ஓடும் எஞ்சினில் உப்பு படியாமல் இருக்கத் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு குளிர்ந்த சிலிண்டர் சுவரும் மிகச் சூடான பிஸ்டனும் சேர்ந்தால் இடைவெளிகளைக் கூட்ட வேண்டிவரும், எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருந்தால் 71 டிகிரி தெர்மோஸ்டாட் போதும், பிளாக்கும் நீண்ட நாள் வரும்.

பழைய படகிலிருந்து எடுத்த பிளாக்கை வாங்கினால், கடல்நீர் ஓடியதா என்பதை முதலில் விசாரித்து, ரீபோர் செய்வதற்கு முன்பே சிலிண்டர் சுவர்த் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து, நீர்ப்பாதைகளை அழுத்தச் சோதனை செய்துவிட வேண்டும். துரு தின்ற சுவரை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. புதுப்பேட்டையில் பல வகை எஞ்சின் பாகங்கள் கிடைத்தாலும் இந்த பிளாக்குக்கு அந்தச் சந்தையை நம்ப முடியாது; கிராங்க், ராட், பிஸ்டன் ஆகியவற்றை இறக்குமதி செய்யத்தான் வேண்டியிருக்கும். மெஷின் வேலைக்கு மட்டும் சென்னையில் குறைவே இல்லை. அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் நல்ல போரிங், ஹோனிங் இயந்திரங்கள் உள்ளன. பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஹோனிங் செய்யும்போது ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த உலோகத் தகட்டை உரிய டார்க்கில் இறுக்கிவிட்டுச் செய்வார்களா? போல்ட் இறுகும்போது சிலிண்டர் நூலிழை அளவு கோணுகிறது. தகடு இல்லாமல் வட்டமாக்கிய சிலிண்டர், ஹெட் ஏறியபின் வட்டமாக இருக்காது. பரிச்சயமற்ற வி-8-க்கு அந்தத் தகட்டை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. தேவையான துளைகளோடு 50 மி.மீ. எஃகில் ஒன்றை வெட்டிக் கொடுத்துவிடலாம்.

கிராங்க் ஃபோர்ஜ் செய்த எஃகாக இருக்கட்டும். 3.75 அங்குல ஸ்ட்ரோக்குக்கு ராட் போல்ட்கள் பிளாக்கின் அடி விளிம்பிலும் கேமிலும் உரசக்கூடும். வெற்று பிளாக்கில் ஒருமுறை சேர்த்துச் சுற்றிப் பார்த்து, எல்லா இடத்திலும் 1.5 மி.மீ. இடைவெளி கிடைக்கும்வரை கிரைண்டரால் தேய்த்த பின்னரே பிளாக்கைக் கழுவ வேண்டும். கிராங்க், ராட், பிஸ்டன், ஃப்ளைவீல், முன்பக்க பேலன்ஸர் ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் கொடுத்து பேலன்ஸ் செய்வது தவிர்க்க முடியாதது.

இடைவெளிகளில் படகுக்கென்று தாராளம் தேவை. ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே 0.11 முதல் 0.13 மி.மீ., மேல் ரிங் வாய் 0.50 மி.மீ., மெயின் பேரிங்குக்கு 0.06 முதல் 0.07 மி.மீ. என்பவை என் தொடக்கப் புள்ளிகள்; பிஸ்டன் தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்தால் அவர் சொல்வதே செல்லும். நெருக்கமாகக் கட்டிய எஞ்சின் பட்டறையில் அமைதியாக ஓடும், கடலில் பிடித்துக்கொள்ளும்.

எக்ஸாஸ்ட் வால்வுகள் நீடித்த வெப்பத்தில் வேலை செய்வதால் அவை உயர்தர உலோகக் கலவையாக இருக்க வேண்டும், சீட்டின் அகலத்தை 2 மி.மீ. அளவுக்கு விட வேண்டும். அகலம் கூடினால் வெப்பம் ஹெட்டுக்கு எளிதாக இறங்கும். வோர்டெக் ஹெட்டை அப்படியே வைத்தால் வால்வு 12 மி.மீ.க்கு மேல் திறக்கும்போது ஸ்பிரிங் ரிடெய்னர் கைடு மேல் உள்ள சீலில் இடிக்கும்; அதிக லிஃப்ட் உள்ள கேமைப் போடுவதானால் கைடின் மேற்பகுதியை மெஷின் செய்ய வேண்டும்.

கேம்: ஆசையை அடக்க வேண்டிய இடம்

படகின் எக்ஸாஸ்ட் குழாயில் கடல்நீர் கலந்து வெளியேறுகிறது. இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலம் நீண்டால், ஐடில் வேகத்தில் எக்ஸாஸ்ட் பின்னோக்கி இழுபட்டு, அந்த நீர்த்துளிகளையும் சிலிண்டருக்குள் கொண்டுவரும். பந்தயக் காருக்கான பெரிய கேமைப் படகில் போட்டவர்களின் வால்வு சீட்டுகள் துருப்பிடிப்பது இதனால்தான். 0.050 அங்குல லிஃப்டில் அளக்கும்போது வால்வு திறந்திருக்கும் காலம் இன்டேக்குக்கு 218 முதல் 224 டிகிரி, எக்ஸாஸ்ட்டுக்கு 224 முதல் 230 டிகிரி, லோப்களுக்கு (வால்வைத் தள்ளும் கேமின் மேடுகளுக்கு) இடைப்பட்ட கோணம் 112 முதல் 114 டிகிரி என்ற எல்லைக்குள் நின்றால் நீர் திரும்பும் பயம் பெரிதும் விலகும். இந்தக் கேம் நிமிடத்துக்கு 5,200 சுற்றுக்கு அருகில் உச்சத் திறனைத் தரும். படகை நீரிலிருந்து மேலெழச் செய்யும் 3,000 முதல் 4,000 சுற்று வரையிலான டார்க்கும் தாராளமாக இருக்கும். 6,500 சுற்றில் 450 குதிரைத்திறன் என்ற எண் கேட்பதற்கு இனிது, ஆனால் அந்தச் சுற்றில் நீடித்து ஓடும் வால்வு ஸ்பிரிங்குகளைத் தேடி அலைய வேண்டும். கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுசெல்லும் லிஃப்டரில் ஹைட்ராலிக் ரோலர் வகையையே தேர்ந்தெடுங்கள். 1987-க்குப் பிறகு வார்த்த பெரும்பாலான பிளாக்குகளில் அதற்கான இடம் உண்டு. தட்டை லிஃப்டருக்கு வேண்டிய துத்தநாகம் மிகுந்த ஆயிலை ஒவ்வொரு முறையும் தேடுவதைவிட இது மலிவு.

கார்புரேட்டரும் இ20-யும்

383 கன அங்குலம் 5,500 சுற்றில் 90 சதவீதம் நிரம்பினால் நிமிடத்துக்கு 550 கன அடி காற்றுதான் தேவை. 650 கன அடிப் படகுக் கார்புரேட்டர் போதுமானது; 750-ஐத் தாண்டுவது வெறும் பெருமை. அது படகுக்கென்றே செய்த கார்புரேட்டராக இருக்க வேண்டும். அதில் பெட்ரோல் வழிந்தாலும் வெளியே சிந்தாமல் எஞ்சினுக்குள்ளேயே போகும். டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், பெட்ரோல் பம்ப் ஆகியவற்றுக்கும் இதே விதி. காரின் அடியில் பெட்ரோல் ஆவி காற்றோடு போய்விடும், படகின் அடித்தளத்திலோ அது தேங்கி நிற்கும். சிறு பொறி வெளியே கசியும் கார் ஆல்டர்னேட்டர் ஒன்று போதும், படகு வெடித்துவிடும். கார்புரேட்டர் மேல் காற்று வடிகட்டிக்குப் பதில் ஃப்ளேம் அரெஸ்டர் (தீச்சுடர் வெளியேறாமல் தடுக்கும் வலை) இருக்க வேண்டும், ஸ்டார்ட் செய்யுமுன் குறைந்தது நான்கு நிமிடம் ஆவியை வெளியேற்றும் புளோயரை ஓட்ட வேண்டும்.

எத்தனால் கலக்காத பெட்ரோலின் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு 13.5 கிலோ போதும். மறுபக்கமிருந்து பார்த்தால், அதே காற்றுக்கு இ20 ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாகப் பாய வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு அளந்த ஜெட்களோடு (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளைகள்) ஓட்டினால் கலவை மெலிந்து, எத்தனால் தந்த ஆக்டேன் நன்மையை நாமே தொலைத்துவிடுவோம். ஜெட்டின் துளை விட்டத்தை 4 சதவீதம் கூட்டுவதிலிருந்து தொடங்கி, ஆக்சிஜன் சென்சாரைக் கடல்நீர் கலக்குமிடத்துக்கு முன்பாக, உலர்ந்த பகுதியில் பொருத்தி, முழு த்ராட்டிலில் லாம்டா (உள்ளே போகும் காற்றுக்கும் முழு எரிப்புக்குத் தேவையான காற்றுக்கும் உள்ள விகிதம்) 0.85 முதல் 0.87 வரை வருமாறு சரிசெய்ய வேண்டும். மீட்டரில் 12.5 போன்ற விகித எண்களைப் பார்க்காமல் லாம்டாவையே பார்ப்பது நல்லது, அது எத்தனால் அளவு மாறினாலும் பொருள் மாறாதது.

எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். காற்றோட்டம் உள்ள படகு டேங்கில், சென்னையின் ஈரக் காற்றில், பெட்ரோல் வாரக்கணக்கில் நின்றால், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோல் எத்தனாலை இழந்ததால் ஆக்டேனையும் இழந்திருக்கும். 95-க்குக் கட்டிய எஞ்சினுக்கு அப்போது கிடைப்பது 95 அல்ல. எனவே 10 மைக்ரான் நீர்பிரிப்பு ஃபில்டரும் அதன் அடியில் பார்வைக் கிண்ணமும் வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். பழைய ஃபைபர் டேங்கை எத்தனால் கரைக்கக்கூடும். அதை மாற்றாமல் இ20-ஐ ஊற்றாதீர்கள். ஹோஸ்களும் எத்தனால் தாங்கும் படகுத் தரத்தில் இருக்க வேண்டும். கேன்களில் பெட்ரோல் சுமப்பதற்குச் சட்ட வரம்பு உண்டு, ஆபத்தும் உண்டு; படகை டிரெய்லரில் பங்குக்கே கொண்டுபோய் அன்றைய தேவைக்கு நிரப்புவதே எளிது.

டைமிங், ஓட்டம், ப்ரொப்பெல்லர்

முதல் ஓட்டத்தைப் படகில் செய்ய வேண்டாம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தைச் சுற்றி வளர்ந்த எஞ்சின் கட்டுநர் கூட்டம் சென்னையில் இருக்கிறது. டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் கருவி) வைத்திருப்பவரிடம் எஞ்சினைக் கொண்டுபோய், முழு அட்வான்ஸை (பிஸ்டன் உச்சிக்கு எத்தனை டிகிரி முன்பே பொறி விழுகிறது என்பதை) 26 டிகிரியில் வைத்துத் தொடங்கி, இரண்டிரண்டு டிகிரியாகக் கூட்டி, டார்க் உயர்வது நின்ற இடத்திலிருந்து இரண்டு டிகிரி பின்வாங்கி நிறுத்துங்கள். வோர்டெக் எரியறை விரைவாக எரிவதால் 30 டிகிரியை ஒட்டியே முடிவு வர வேண்டும்; 34-ஐ நோக்கிப் போக வேண்டியிருந்தால் வேறெங்கோ பிழை இருக்கிறது. ஆயில் பிரஷர் ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்ற அளவில் சூடான நிலையிலும் நிற்க வேண்டும்; பெரிய ஆயில் பேனும் ஆயில் கூலரும் இல்லாமல் அது நிற்காது.

எஞ்சினின் சக்தியை ப்ரொப்பெல்லருக்குக் கடத்தும் டிரைவையும் மறக்கக் கூடாது. மெர்குரூசர் ஆல்ஃபா ஒன் டிரைவ் 300 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சின்களோடு வந்தது. 380-க்கு பிராவோ வகை தேவைப்படும்.

கடலில் இறக்கியபின், முழு த்ராட்டிலில் எஞ்சின் எத்தனை சுற்றை எட்டுகிறது என்பதே பெரிய சோதனை. வழக்கமான ஆட்களையும் பெட்ரோலையும் ஏற்றிய நிலையில் 5,000 முதல் 5,400 வரை வர வேண்டும். 4,500-இல் நின்றுவிட்டால் ப்ரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) மிகுதி. எஞ்சின் சுமையில் திணறுகிறது, நாக்கிங்குக்கு அதைவிடச் சிறந்த அழைப்பு கிடையாது. பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று உயரும் என்று கணக்கிட்டு மாற்றுங்கள். சரியான ப்ரொப்பெல்லர் கிடைக்கும்வரை நீண்ட முழு த்ராட்டில் ஓட்டம் கூடாது.

முழு வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்தி, எட்டு பிளக்குகளையும் கழற்றி உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகளோ அலுமினிய மினுமினுப்போ தென்பட்டால், காதுக்கு எட்டாத நாக்கிங் நடந்திருக்கிறது. உடனே டைமிங்கை இரண்டு டிகிரி குறைத்து, கலவையை ஒரு ஜெட் கொழுப்பாக்கி மறுபடி பாருங்கள். ஒன்றிரண்டு சிலிண்டரில் மட்டும் தெரிந்தால், கலவை பங்கீட்டையும் அந்தப் பக்க நீரோட்டத்தையும் சோதிக்க வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் படகு கரையில் நிற்கும். நிறுத்துமுன் கடல்நீர்ச் சுற்றை நன்னீரால் கழுவி வடித்து, கார்புரேட்டர் காயும்வரை எஞ்சினை ஓட்டி, டேங்கிலுள்ள பெட்ரோலை முழுவதும் இறக்கி இ20 ஏற்கும் காரில் ஊற்றிவிடுங்கள். ஜனவரியில் படகை எடுக்கும்போது புதிய பெட்ரோலும் புதிய ஃபில்டரும் போட்டு, டைமிங் லைட்டால் அட்வான்ஸை ஒருமுறை சரிபார்த்த பிறகே த்ராட்டிலை முழுதாகத் திறக்க வேண்டும்.